குரைக்கிற நாய்

பின்வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை.
புல் கொட்டகையிலிருந்து வரும் தோர்கில்ஸ்
சட்டை, காலுறை, தொப்பி எல்லாவற்றையும்
அதில் களைந்துவிட்டு
பல் கிட்டிக்கக் குளியலறைக்கு ஓடுவான்.
ஜூலையிலும் இங்கே காற்று கத்திதான்.
"உரித்த ஆடு!" என்று சிரிப்பான் உல்ஃபார்.

உலர்ந்த புல்லின் மணத்தில் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது.
நாங்களெல்லாம் அதை மூச்சோடு இழுத்து
அடுத்த மூச்சில் மறந்துவிடுகிறோம்.
அவன் நுரையீரல் மறப்பதில்லை.
வெள்ளணுக்கள் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொள்ளும்,
விழுங்கவும் விழுங்கும்,
கொல்லத்தான் தெரியாது.
அதற்கு வேண்டிய அந்தத் துளி நெருப்பு
பிறவியிலேயே இல்லை.

ரெய்க்யாவிக்கில் டாக்டர்
கோட்டை, படை, எதிரி என்று
காகிதத்தில் வரைந்துகொண்டே போனார்.
"எங்கள் நாட்டுக்குப் படையே கிடையாதே" என்றேன்.
பேனாவை மூடி வைத்துவிட்டார்.

எனக்கு விளங்கியது ஸ்குக்கியை வைத்துத்தான்.
பதினான்கு வயது, பல் ஒன்றும் மிச்சமில்லை.
நரி வந்தால் கடிக்க முடியாது,
அதனாலேயே இரவெல்லாம் குரைக்கும்.
நரி போன பிறகும்.
நரியே வராத இரவில்
வேலிக்கம்பத்தைப் பார்த்தும்.
குரைக்கிற நாய் கடிக்காது என்பது
வழிப்போக்கருக்கு ஆறுதல்.
இவனுக்கு அதுதான் நோயே.

ஆறு வயதில் கஞ்சி இறங்கவில்லை.
இரைப்பையின் வாசலில் ஒரு முடிச்சு.
கிருமி இருக்குமென்று வளர்த்துப் பார்த்தார்கள்,
ஒன்றும் முளைக்கவில்லை.
திருடன் இல்லாத தெருவில்
கலைய மறந்த கூட்டம்.
அப்புறம் குடல். ரத்தம்.
ஒரே நாளில் பதினொரு தடவை.
பன்னிரண்டாவது தடவை
அவன் என்னை எழுப்பவில்லை.

ஸ்டீராய்டு கொடுத்தார்கள். குரைப்பு அடங்கிற்று.
வயிறு வற்ற, முகம் மட்டும் உப்பிக்கொண்டு வந்தது.
அடங்கிய வீட்டுக்கு நரி வருமே,
அதனால் பூஞ்சைக்கு ஒரு மாத்திரை,
பாக்டீரியாவுக்கு இன்னொன்று.
நாயைக் கட்டினால் நரி,
அவிழ்த்துவிட்டால் தூக்கமில்லை.

பிறகு என் ரத்தத்தையும் கேட்டார்கள்.
நெருப்பிருந்தால் ஒளிரும் ஒரு சாயம்.
உல்ஃபாரின் தாளில் ஒரே குன்று, இருட்டுப் பக்கம்.
என் தாளில் இரண்டு.
ஒன்று வெளிச்சத்தில், ஒன்று அவன் பக்கத்தில்.
கருவிலேயே என் ஒவ்வொரு செல்லும் சீட்டுக் குலுக்கி
அம்மா தந்ததையோ அப்பா தந்ததையோ
ஒன்றை அணைத்துவிட்டதாம்.

பதினாறு வயதிலிருந்தே எனக்கு வாய்ப்புண்.
"பற்பசையை மாற்று" என்றார் அன்றைய மருத்துவர்.
வெயில் பட்டால் மூக்கின் இருபுறமும் சிவக்கும்.
எங்கள் ஜூன் மாதத்துச் சூரியனோ
கிளம்புகிறேன் என்று எழுந்துவிட்டு
கதவருகே நின்று பேசிக்கொண்டேயிருக்கும் விருந்தாளி.
லூபஸ் இல்லை, லூபஸ் மாதிரி, என்று எழுதினார்கள்.
நான் நோயாளி இல்லையாம், கடத்துபவளாம்.
கப்பலில் சாராயம் கடத்துகிறவர்களைத்தான்
அதுவரை அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.
முப்பத்தெட்டு வருஷம் எந்தச் சுங்கத்திலும் மாட்டவில்லை.

செப்டம்பரில் மலையிலிருந்து ஆடுகளை இறக்கும் நாள்.
ஊரே பட்டியில். தூசி, புல், மயிர்.
நாங்கள் இருவரும் காருக்குள், கண்ணாடி ஏற்றி.
நான் வெயிலுக்கு, அவன் தூசிக்கு.
காதில் வெட்டிய அடையாளத்தை
அவன் தொலைவிலேயே படித்துவிடுவான்.
"நம்முடையது... நம்முடையது...
இல்லை, ஹ்ராப்னுடையது."
தப்பே வராது.
தன்னது எது, அயலது எது என்று
கண்ணுக்காவது தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் மலையில் இருந்த ஏய்தீஸ்
கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.
உப்புப் படிந்த புருவம், வெடித்த உதடு.
மூக்கின் இருபுறமும் சிவப்பு.
"காற்று, அம்மா" என்றாள்,
நான் கேட்பதற்கு முன்பே.

பதினைந்து வயது.
பதினெட்டு ஆனதும் அவளே முடிவு செய்யட்டும்
என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.
என் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தேன்.
"சின்னது" என்றாள்.
கழற்றாமல் பட்டிக்குத் திரும்பிப் போனாள்.
பின்சீட்டில் இவன்
விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தான்.